மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள்: பாளையங்கோட்டையில் ஒரு கேமிங் பிசி அப்கிரேடு

கேமிங் கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்யப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி "எந்த கிராபிக்ஸ் கார்டு?" என்றுதான் வரும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எந்த மானிட்டரில் விளையாடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்கிறேன். மானிட்டர் முடிவானால் கார்டு எவ்வளவு பெரியது வேண்டும், பிராசஸர் மாற்ற வேண்டுமா, பவர் சப்ளை போதுமா என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். என் கம்ப்யூட்டரை அப்படித்தான் மாற்றினேன், விளையாடியும் பார்த்தாயிற்று, இந்த வரிசையைத் தைரியமாகப் பரிந்துரைப்பேன்.

என்னிடம் இருந்தது ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 22 அங்குலத்தில் ஒரு 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது விநாடிக்கு 60 முறை படம் மாறுவது. 2019-இல் வந்த 1650 நல்ல கார்டு, குறையே சொல்ல மாட்டேன், 75 வாட்டில் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. ஆனால் இப்போது வரும் கேம்களில் 4 ஜிபி என்பது வாசலிலேயே நின்றுவிடுகிறது, பொருள்களின் மேற்பரப்பு விவரமான டெக்ஸ்சரை மீடியத்துக்கு வைத்தாலே நினைவகம் நிரம்பிவிட்டது என்று சிவப்பில் காட்டும். நண்பர்களோடு கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, தனியாக எல்டன் ரிங், சைபர்பங்க் 2077 என்று விளையாடுபவன் நான். வேகமும் வேண்டும், படமும் நன்றாக இருக்க வேண்டும்.

மானிட்டரில் பெரிய கேள்வி 1080பி-யா 1440பி-யா என்பது. 1080பி-யில் இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், 1440பி-யில் முப்பத்தாறு லட்சத்துச் சொச்சம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு ஏறக்குறைய 1.8 மடங்கு வேலை பார்க்க வேண்டும். வெறும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக், வேலரண்ட் மட்டும் என்றால் 24 அங்குலம் 1080பி எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தைச் சேமித்து வையுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் 27 அங்குலத்தில் 1080பி மட்டும் வாங்காதீர்கள். அந்த அளவில் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான் வரும், மேசையில் உட்கார்ந்து பார்க்கும் தூரத்தில் எழுத்தின் ஓரம் ரம்பம் மாதிரி தெரியும். அதே 27 அங்குலத்தில் 1440பி என்றால் 109 புள்ளிகள். நம் தமிழ் எழுத்தைப் படிக்கும்போது இது நன்றாகவே புரிகிறது, பழைய திரையில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், இதில் தனித்தனியாக நிற்கின்றன. பகலில் அதே திரையில் வேலையும் பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றே போதும் 1440பி-க்குப் போக.

அப்புறம் ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 16.7 மில்லி விநாடி, 144-இல் 6.9, 180-இல் 5.6. கணக்கைப் பாருங்கள், 60-இலிருந்து 144-க்குப் போவதில்தான் பெரிய தாவல் இருக்கிறது, 144-இலிருந்து 180-க்கு ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல்தான் கூடுதல் லாபம். 180-ம் 144-ம் ஒரே விலைக்கு வந்தால் 180 வாங்குங்கள், 240-க்கு என்று தனியாகப் பணம் ஏற்றாதீர்கள். எல்டன் ரிங் மட்டும் விளையாடுபவர் இன்னும் யோசிக்க வேண்டும், அந்த கேம் 60 ஃபிரேமுக்கு மேல் போகாதபடிதான் பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

விஏ, ஐபிஎஸ் என்று திரையின் பேனலில் வகைகள் உண்டு, அதை எண்களை வைத்து முடிவு செய்ய முடியாது, கண்ணால் பார்க்க வேண்டும். இதற்காகத்தான் ஊரிலேயே கடைகளுக்கு அலைந்தேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னதற்கு "பணம் கட்டினப்பெறவுதான் பிரிப்போம்" என்று முடித்துவிட்டார்கள். பெட்டியின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்து இருபதாயிரத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்கு இன்னும் கோபம்தான். வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன கடை, போர்டில் பிரிண்டர் இங்க் ரீஃபில் என்றுதான் பெரிதாக எழுதியிருக்கும், அங்கே போய் எனக்கு இன்ன பட்ஜெட் என்று ஆரம்பித்ததுமே கடைக்கார அண்ணாச்சி நிறுத்திவிட்டார்.

"தம்பி, மொதல்ல எந்தத் திரையில, என்ன கேம் வெளாடப் போறிய, அதச் சொல்லுங்க. கார்ட பெறவு பாப்பம்."

நான் வீட்டில் போட்டு வைத்திருந்த கணக்கும் அதுவேதான் என்பதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு விஏ பேனலையும் ஒரு ஐபிஎஸ் பேனலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டி, கடை விளக்கை அணைத்துக் காட்டினார். இப்படிக் காட்டுகிற கடை நம்ம ஊரில் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்த விமர்சனத்தில் பாதியை எழுதலாம்.

விஏ-யில் கறுப்பு நிஜமாகவே கறுப்பு. பொதுவாக அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம், 3000-க்கு 1 என்ற அளவில் இருக்கும், சாதாரண ஐபிஎஸ்ஸில் 1000-க்கு 1. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவருக்கு விஏ அழகு. ஆனால் விலை குறைந்த விஏ பேனல்களில் இருட்டான காட்சி வேகமாக நகர்ந்தால் பின்னாலேயே ஒரு மை இழுவை வரும். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது: கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து உள்ள ஏதாவது பக்கத்தைத் திறந்து வேகமாக மேலும் கீழும் ஸ்க்ரோல் செய்யுங்கள், எழுத்துகள் கலங்கி ஒழுகுவது போலத் தெரிந்தால் அந்த மானிட்டர் துப்பாக்கி கேம்களுக்கு ஆகாது. அன்று பார்த்த விஏ-யில் அது தெளிவாகவே தெரிந்தது. ஐபிஎஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை, பதிலுக்கு இருட்டில் மூலைகளில் ஒரு வெளுப்பு தெரிகிறது, பக்கவாட்டில் நகர்ந்தால் அது கூடும். என் அறையில் பகல் வெளிச்சம் நிறைய, நான் விளையாடுவதும் வேகமான கேம்கள், அதனால் 27 அங்குலம், 1440பி, 180 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் என்று முடித்தேன். விலை இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே.

வாங்கும் முன் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத் திரையையும் ஒவ்வொரு நிறமாக நிரப்பிப் பார்த்தோம். செத்த புள்ளி ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், வீட்டுக்குக் கொண்டு போனபின் ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் பல கம்பெனிகள் மாற்றித் தருவதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் "1 மில்லி விநாடி" என்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அதை இரண்டு விதமாக அளக்கிறார்கள், நிறம் மாறும் வேகம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் மங்கல் இன்னொன்று, எந்த அளவு என்பதைச் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள். புள்ளிகளை விரைவாக நிறம் மாற வைக்கும் ஓவர்டிரைவ் செட்டிங்கை உச்சத்தில் வைத்துத்தான் அந்த எண்ணையும் எட்டுகிறார்கள், அப்படி வைத்தால் நகரும் பொருளின் ஓரத்தில் வெள்ளை நிழல் விழும். நடு செட்டிங்தான் சரி.

வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டுவதாகச் சொல்லும் எச்டிஆர் 400 என்ற முத்திரையையும் கணக்கில் எடுக்காதீர்கள். பின்விளக்கு பகுதி பகுதியாக மங்கவும் ஒளிரவும் தெரியாத மானிட்டரில் எச்டிஆர் போட்டால் படம் வெளுத்துத்தான் போகிறது, என்னுடையதில் அணைத்தே வைத்திருக்கிறேன்.

சரி, இப்போது கார்டு. 1440பி என்று முடிவான பிறகு 8 ஜிபி கார்டுகளை நானே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 இரண்டுமே 8 ஜிபி. இதில் இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை, பழைய போர்டு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டு கார்டுகளும், கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ-யில் 8 பாதைகளை மட்டும் பயன்படுத்துகின்றன. புதிய போர்டில் அது போதும். பி450 போர்டு பிசிஐஇ 3.0 தலைமுறை, ஒரு பாதையில் போகும் டேட்டா 4.0-இல் போவதில் பாதிதான். கார்டின் நினைவகம் நிரம்பி, கேம் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து டேட்டாவை இழுக்க ஆரம்பிக்கும் நேரத்தில் அந்தக் குறுகிய வழியில் நெரிசல் வரும், கேம் திக்கித் திக்கி ஓடும். 8 ஜிபி, 8 பாதை, பழைய போர்டு, இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வதுதான் ஆபத்து.

ஏஎம்டி 2025 ஜூனில் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி முழு 16 பாதைகளையும் பயன்படுத்துகிறது. அதன் 16 ஜிபி மாடல் 160 வாட்தான் எடுக்கிறது. இதே கார்டு 8 ஜிபி-யிலும் வருகிறது, பெயர் ஒன்றேதான், பெட்டியில் 16 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி-யும் நல்ல கார்டுதான், என்விடியாவின் படம் பெரிதாக்கும் வசதியான டிஎல்எஸ்எஸ் வேண்டும், வீடியோ எடிட்டிங்கோ பிளெண்டரோ செய்வேன் என்றால் அதற்கே போகலாம், விலைதான் கூடுதல். இன்டெலின் ஆர்க் பி580-ஐயும் யோசித்தேன், 12 ஜிபி-க்கு அது கேட்கும் விலை நியாயம், ஆனால் பழைய பிராசஸர்களோடு அது முழு வேகம் காட்டுவதில்லை, பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் எட்ட உதவும் ரீசைஸபிள் பார் என்ற வசதியும் போர்டில் கட்டாயம் இருக்க வேண்டும். என் மாதிரி பழைய போர்டுக்காரர்களுக்கு அது பொருந்தாது.

9060 எக்ஸ்டியில் எஃப்எஸ்ஆர் 4 கிடைக்கிறது, குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் ஏஎம்டியின் வசதி அது. இங்கேயும் மானிட்டர்தான் வந்து நிற்கிறது பாருங்கள். குவாலிட்டி என்ற நிலையில் 1440பி திரைக்குப் படம் உள்ளே 960பி-யில் வரையப்பட்டுப் பெரிதாக்கப்படுகிறது, 1080பி திரைக்கு 720பி-யில். கையில் இருக்கும் புள்ளிகள் குறையக் குறைய ஊகம் கூடும், படம் கரைந்து தெரியும். அதனால் இந்த வசதியின் முழுப் பலன் 1440பி மானிட்டர் வைத்திருப்பவருக்குத்தான்.

பிராசஸருக்கு வருகிறேன். போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றி ஏஎம்டியின் புதிய ஏஎம்5 தலைமுறைக்குப் போய்விடலாம் என்று ஆசை இருந்தது, ஆனால் அங்கே டிடிஆர்5 ரேம் கட்டாயம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும், ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப்புகள் போய்விடுகின்றன, நமக்கு மிஞ்சுவது விலைதான். கையில் நல்ல 16 ஜிபி டிடிஆர்4 இருக்கும்போது அதைத் தூக்கிப்போடுவது இந்தக் காலத்தில் வீண் செலவு. ஆகவே அதே பி450-இல் ரைசன் 5 5600 போட்டேன். 2022-இல் வந்தது, ஆறு கோர், 65 வாட். 2018-இல் வந்த 2600-க்கும் அதே ஆறு கோர்தான், ஆனால் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் புகைக்குண்டு விழுந்து ஐந்து பேர் ஒரே இடத்தில் மோதும்போது முன்பு வந்த தடுமாற்றம் இப்போது இல்லை.

இதிலும் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 5600-க்கு 32 எம்பி எல்3 கேஷ், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம் அது. விலை குறைவாகக் கிடைக்கும் 5500-க்கு 16 எம்பிதான், பிசிஐஇ-யும் 3.0-தான். அதே மாதிரி 5700எக்ஸ் வேறு, எக்ஸ் இல்லாத 5700 வேறு, அதற்கும் 16 எம்பிதான். கேம்களுக்குக் கேஷ் முக்கியம், கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய போர்டில் இதைப் போடும் முன் பழைய பிராசஸர் இருக்கும்போதே போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் திரையே வராது. அந்த அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டு போச்சு, யுபிஎஸ்ஸில் வைத்துத்தான் செய்ய வேண்டும். அப்டேட்டுக்குப் பின் பழைய செட்டிங் எல்லாம் அழிந்துவிடும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை மறுபடி போட வேண்டும், விண்டோஸ் 11-இல் வேலரண்ட் விளையாடுபவர்கள் டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளையும் திரும்ப ஆன் செய்ய வேண்டும்.

கரண்ட் என்று வந்துவிட்டதால், நம்ம பக்கத்துக்கென்றே சில விஷயங்கள். பவர் சப்ளைக்கு 550 வாட் போதும். கார்டு 160, பிராசஸர் முழு வேகத்தில் 76, மற்றவை எல்லாம் சேர்த்தாலும் மானிட்டரோடு 300 வாட் பக்கம்தான் வரும். 750 வாட் வாங்குங்கள் என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், அந்தக் காசில் 550 வாட்டிலேயே தரமானதாக எடுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை எவ்வளவு கரண்ட் வீணாகாமல் போகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், உள்ளே இருக்கும் பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லாது, வாரண்டி எத்தனை வருடம் என்பதைப் பாருங்கள். யுபிஎஸ்ஸில்தான் கணக்கு இடிக்கிறது. கடையில் அதிகம் விற்கும் 600 விஏ (இங்கே வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ்கள் பலவும் 360 வாட்தான் தாங்கும், 300 வாட் பக்கம் இழுக்கும்போது மிச்சம் கொஞ்சம்தான், விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது மூச்சு முட்டி அணைந்துவிட வாய்ப்பு அதிகம், 1000 விஏ பக்கம் போவது நல்லது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அது சைன் வேவ் தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்கொயர் வேவ் கரண்ட்டில் இப்போதைய பவர் சப்ளைகள் சில ஒத்துழைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் எர்த். டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் ஒயரே வந்திருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால் அதுதான் காரணம். அறுபதாயிரம் ரூபாய்ச் சாமானை மாட்டும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு லேன் ஒயரையும் கழற்றிவிட வேண்டும், கேபிள் வழியாக வரும் மின்னல் நேராகப் போர்டுக்குத்தான் போகும்.

சூடு, தூசி இரண்டும் இங்கே அதிகம். கத்திரி வெயிலில் மாடி அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, அறை ஐந்து டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், வலை வைத்ததை எடுங்கள், முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் இல்லாத கேபினெட் அங்கே ஆகவே ஆகாது. லிக்விட் கூலர் எதுவும் வேண்டாம், 65 வாட் பிராசஸருக்கு அதோடு பெட்டியில் வரும் கூலரே என் அறையில் தாங்குகிறது, சத்தம்தான் கொஞ்சம் கூட.

விளையாடிப் பார்த்ததில், சைபர்பங்கை 1440பி-யில் ஹை செட்டிங்கில் எஃப்எஸ்ஆரோடு ஓட்டும்போது மழையில் நனைந்த தெருவில் விளம்பரப் பலகையின் எழுத்து தெளிவாகப் படிக்க முடிகிறது, பழைய திரையில் அது வெறும் வண்ணக் கறை. ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிடும் ரே டிரேசிங்கை முழுதாகப் போட்டால் திணறும், அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் எதிராளி மூலையிலிருந்து வெளிப்படுவது முன்பைவிடச் சீக்கிரம் கண்ணில் படுகிறது, எய்மும் கைக்கு அடங்குகிறது. மானிட்டரைக் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்க் இருப்பதால் ஃபிரேம் 90-க்கும் 140-க்கும் நடுவே ஏறி இறங்கினாலும் படம் கிழிவதில்லை. பெட்டியில் வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே மாட்டுங்கள், எச்டிஎம்ஐ 2.0-இல் 1440பி-க்கு 144 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மாட்டியபின் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் ஹெர்ட்ஸை நீங்களே 180 ஆக்க வேண்டும், அது பாட்டுக்கு 60-இலேயே இருந்துவிடும்.

மானிட்டரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டு உயரத்தை மாற்ற முடியாது, சாய்க்க மட்டும் முடியும், நான் கீழே பலகை வைத்துத்தான் உயர்த்தியிருக்கிறேன். பின்னால் 100-க்கு 100 அளவில் துளைகள் இருப்பதால் பிறகு ஒரு ஆர்ம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஸ்பீக்கர் இருக்கிறது என்று பெயருக்குச் சொல்லலாம். இருட்டறையில் கீழ் இடது மூலை வெளுப்பு தெரியத்தான் செய்கிறது.

கார்டை ஆன்லைனில் வாங்கியிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசினாலும் குறையும். ஆனாலும் மானிட்டரையும் கார்டையும் பவர் சப்ளையையும் அண்ணாச்சி கடையிலேயே எடுத்தேன், பிராசஸரை மட்டும் ஆன்லைனில். பழுதானால் சர்வீஸ் சென்டருக்கு நாமே பார்சல் கட்டி அனுப்பி வாங்கும் அலைச்சல் யாருக்கும் வேண்டாம், கடையில் வாங்கியதை அவரே அனுப்பி வாங்கித் தருவதாகப் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தப் பில்லில் ஜிஎஸ்டி எண்ணோடு ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும் என்று நீங்களும் கேட்டு வாங்குங்கள். மானிட்டருக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் சர்வீஸ் உண்டு என்றால், உங்கள் பின்கோடுக்கு வருவார்களா என்று கம்பெனி எண்ணுக்குக் கடையில் நின்றபடியே போன் போட்டுக் கேளுங்கள். பாளையங்கோட்டைக்கு வருகிறேன் என்பவர்கள் களக்காட்டுக்கும் அம்பைக்கும் வருவார்கள் என்று சொல்ல முடியாது. மானிட்டர் பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள், பழுது பார்க்க அனுப்புவதானால் அந்தப் பெட்டியில் வைத்து அனுப்பினால்தான் திரை உடையாமல் போய்ச் சேரும்.